அத்தியாயம் 7: தொலைந்துபோன ஸ்பிரிங்கும் பின்னும்

கைத்துப்பாக்கியை வீட்டில் கழற்றிப் பூட்டுகிறவர்கள் பெரிய பாகம் எதையும் தொலைப்பதில்லை. ஸ்லைடும் பேரலும் ஃபிரேமும் மேசைமேல் கண்முன்னே கிடக்கும். காணாமல் போவதெல்லாம் கட்டைவிரல் நகத்துக்குள் மறைந்துவிடுகிற ஸ்பிரிங், பின், பிளஞ்சர், திருகு இவைதான். விலை சில டாலர்தான். ஆனால் தோட்டா எப்போது வெடிக்க வேண்டும், எப்போது வெடிக்கவே கூடாது என்பதைத் தீர்மானிக்கிற வேலையில் பாதி இந்தச் சில்லறைச் சாமான்களின் கையில் இருக்கிறது. அதனால் தொலைந்ததற்குப் பதிலாக அந்தத் துப்பாக்கிக்கென்றே செய்த பாகம் மட்டுமே உள்ளே போகலாம். பேனா ஸ்பிரிங், வெட்டிய ஆணி, டிரில் பிட்டின் தண்டு இவற்றில் எதற்கும் அங்கே இடமில்லை.

இந்த அத்தியாயத்துக்கு 1911 வகைத் துப்பாக்கியை எடுத்துக்கொள்கிறேன். ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஏற்று, 1985 வரை தன் வழக்கமான கைத்துப்பாக்கியாக வைத்திருந்தது. இன்றும் பல நிறுவனங்கள் செய்கின்றன. அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கும் தமிழர் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். உதிரிபாகம் எளிதில் கிடைக்கும். அதோடு, கழற்றும்போது துள்ளிப் பறக்கிற சாமான்கள் இதில் கொஞ்சம் அதிகம்.

முதலில் சட்டம். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வரிசை எண் பொறித்த ஃபிரேம்தான் 'துப்பாக்கி'. ஸ்பிரிங், பின் போன்றவை வெறும் உதிரிபாகங்கள். தபாலில் வரவழைத்து வீட்டிலேயே மாற்றலாம். மாநிலச் சட்டங்கள் வேறுபடும், உங்கள் மாநிலத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் நிலைமை தலைகீழ். 1959 ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. தொழிலாகப் பழுதுபார்ப்பதற்கும் உரிமம் கேட்கிறது. ஊரில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கும் உறவினர் "வரும்போது ஒரு சின்ன ஸ்பிரிங் வாங்கிட்டு வாயேன்" என்று கேட்டால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். அமெரிக்க உள்நாட்டு விமானப் பயணத்திலும் துப்பாக்கிப் பாகங்கள் கைப்பையில் போகக் கூடாது. பதிவு செய்து அனுப்பும் பெட்டியில்தான் போக வேண்டும்.

இனி வேலை. மேகசினை எடுத்துவிடுங்கள். ஸ்லைடைப் பின்னால் இழுத்துப் பூட்டி, சேம்பர் காலிதானா என்று கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். வரிசை முக்கியம். மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்துவிட்டு, பிறகு மேகசினை எடுத்தால் சேம்பரில் ஒரு தோட்டா ஏறி உட்கார்ந்திருக்கும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். இந்த வேலையில் கண்ணில் அடிபடக்கூடும்.

மேசைமேல் வெள்ளைத் துண்டு ஒன்றை விரியுங்கள். உருளும் சாமான் துணியில் நின்றுவிடும், கறுப்புப் பின் வெள்ளையில் பளிச்சென்று தெரியும். துள்ளக்கூடிய பாகத்தைக் கழற்றும்போது துப்பாக்கியையும் இரண்டு கைகளையும் பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு கழற்றுங்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்பிரிங் பறந்தாலும் பைக்குள்ளேயே விழும். ஒவ்வொரு படியிலும் கைபேசியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எந்தப் பக்கம் எது இருந்தது என்ற கேள்வி மறுநாள் நிச்சயம் வரும்.

எது எந்தத் திசையில் பறக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பாதிப் பாகங்கள் தொலையவே தொலையாது. பேரலின் கீழே, முன்முனையில் உள்ள மூடி ரீகாயில் ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருக்கிறது. ஐந்து அங்குலப் பேரல் கொண்ட .45 துப்பாக்கியில் அந்த ஸ்பிரிங்கின் வழக்கமான பலம் 16 பவுண்டு. பேரலின் முன்முனையைச் சுற்றியுள்ள புஷ்ஷிங்கைத் திருப்பும்போது கட்டைவிரல் வழுக்கினால் மூடி நேராக முன்னால், சில சமயம் கூரைக்கே போகும். ராணுவ வகை மூடிகளில் உட்பக்கமாக ஒரு சின்ன நாக்கு மடித்திருக்கும். பூட்டும்போது ஸ்பிரிங்கை அதற்குள் திருகி ஏற்றினால் நாக்கு சுருளைப் பிடித்துக்கொள்ளும், பிறகு மூடி தனியே பறக்காது. இதைத் தெரியாமலே பல வருடம் 1911 வைத்திருப்பவர்கள் உண்டு.

ஃபயரிங் பின் பின்பக்கமாக வரும். அதன் பின்முனையை உள்ளே அழுத்திக்கொண்டு தடுப்புத் தகட்டைக் கீழே நகர்த்தும் அந்தக் கணத்தில், தகட்டின்மேல் கட்டைவிரல் இருக்க வேண்டும். மேகசின் கேட்சின் பூட்டும் அதன் ஸ்பிரிங்கும் பக்கவாட்டில் வெளியே வரும். எல்லாவற்றிலும் பலமானது மெயின் ஸ்பிரிங், வழக்கமாக 23 பவுண்டு. கைப்பிடியின் பின்பக்கக் கூட்டைக் கழற்றுவதற்கு முன்னால் ஹேமர் இறங்கியிருக்க வேண்டும். கூட்டை முழுதாகக் கழற்றி வைப்பதில் அபாயமில்லை. கூட்டுக்குள் இருக்கும் குறுக்குப் பின்னைத் தட்டி எடுத்து ஸ்பிரிங்கை வெளியே விடுவது வீட்டு மேசைக்கான வேலை இல்லை.

பறந்துபோய்விட்டதா? உட்கார்ந்த இடத்திலிருந்து எழாதீர்கள். நாற்காலியைத் தள்ளினாலே தடம் மாறிவிடும், மிதித்தால் ஸ்பிரிங் நசுங்கும். துப்பாக்கி எந்தப் பக்கம் நோக்கியிருந்தது, சத்தம் எங்கே கேட்டது என்று முதலில் யோசியுங்கள். விளக்குகளை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து வீசினால், சிறு பொருளுக்கும் நீளமான நிழல் விழும். கம்பளத் தரையானால் வேக்யூம் குழாயின் வாயில் மெல்லிய காலுறையைக் கட்டி மெதுவாக நகர்த்துங்கள். பாகம் துணியில் வந்து ஒட்டும். காந்தமும் உதவும், ஆனால் சில துருப்பிடிக்காத எஃகு வகைகள் காந்தத்தில் சரியாக ஒட்டாது. காந்தத்தில் சிக்கவில்லை என்பதற்காக அந்த மூலையில் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சட்டை மடிப்பு, கால்சட்டையின் விளிம்பு, செருப்பு இவற்றையும் உதறிப் பாருங்கள். துப்பாக்கிக்குள்ளேயே விழுந்திருக்கவும் கூடும். மேகசின் போகும் குழியைக் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள்.

கிடைத்த பாகத்தையும் உடனே பூட்டிவிடக் கூடாது. ஸ்பிரிங்கின் சுருள் வளைந்திருக்கிறதா, முனை விரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்த ஸ்பிரிங்கை நிமிர்த்திப் போடுவதைவிடப் புதிது வாங்குவது மேல்.

வாங்கும் கட்டம்தான் பலர் சறுக்குகிற இடம். '1911 ஸ்பிரிங்' என்று கேட்டால் கடைக்காரர் எதையோ கொடுப்பார். நூறாண்டு கடந்த வடிவம், எல்லாம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மை அப்படியில்லை. கோல்ட் நிறுவனத்தின் சீரீஸ் 80 துப்பாக்கிகளில் டிரிகரை இழுத்தாலொழிய ஃபயரிங் பின்னை நகரவிடாத தனித் தடுப்பு உண்டு. அதற்கென ஸ்லைடுக்குள் ஒரு பிளஞ்சரும் ஸ்பிரிங்கும், ஃபிரேமுக்குள் இரண்டு சின்ன நெம்புகோல்களும் இருக்கும். சீரீஸ் 70-இல் இவை கிடையாது. ஃபயரிங் பின்னின் வெட்டும் வேறு. கிம்பரின் இரண்டாம் வரிசைத் துப்பாக்கிகளிலும் தடுப்பு உண்டு, ஆனால் அதை இயக்குவது கைப்பிடியின் பின்புறப் பாதுகாப்பு. ஸ்பிரிங்ஃபீல்டு ஆர்மரியின் பல .45 துப்பாக்கிகளில் 9 எம்.எம்.முக்கு உரிய மெல்லிய ஃபயரிங் பின் வருகிறது. பேரல் நீளமும் கணக்கில் வரும்: ஐந்து அங்குலத்துக்கு 16 பவுண்டு ரீகாயில் ஸ்பிரிங் என்றால், நாலேகால் அங்குலக் கமாண்டருக்கு 18.

ஆகவே ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யார் செய்தது, எந்த மாடல், எந்த சீரீஸ், என்ன காலிபர், பேரல் எத்தனை அங்குலம். பாகங்களைப் பிரித்துக் காட்டும் தயாரிப்பாளரின் படத்தை எடுத்து, தொலைந்த பாகத்தின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். பிறகு தயாரிப்பாளரிடமே முதலில் கேளுங்கள். சிறு ஸ்பிரிங்கைக் காசு வாங்காமல் அனுப்பிவைக்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. அங்கே இல்லையென்றால் 1939-இல் அயோவா மாநிலத்தில் தொடங்கிய பிரௌனெல்ஸ் இருக்கிறது. உற்பத்தி நின்றுபோன பழைய துப்பாக்கிகளுக்கு நியூயார்க் மாநிலத்தின் நியூம்ரிக் நிறுவனத்தை விட்டால் வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். ஸ்பிரிங் மட்டும் என்றால் பென்சில்வேனியாவின் உல்ஃப். அவர்களின் ரீகாயில் ஸ்பிரிங் பொட்டலத்தில் பலம் கூடிய ஃபயரிங் பின் ஸ்பிரிங் ஒன்றும் சேர்ந்தே வரும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தச் சிறு பாகமானாலும் இரண்டாக வாங்குங்கள். பாகத்தின் விலையைவிடத் தபால் செலவு அதிகம்.

அந்த ஃபயரிங் பின் ஸ்பிரிங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தனித் தடுப்பு இல்லாத 1911 முன்முனை கீழாகத் தரையில் விழுந்தால், ஃபயரிங் பின் தன் எடையாலேயே முன்னால் பாயப் பார்க்கும். அது தோட்டாவின் பிரைமரைத் தொடாமல் பிடித்து வைப்பது இந்த ஸ்பிரிங்தான். அதன் இடத்தில் பேனா ஸ்பிரிங்கைப் போட்டாலும் துப்பாக்கி சுடும், ஸ்லைடு ஓடும், பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். கை நழுவி விழும் நாளில்தான் வித்தியாசம் தெரியும், அப்போது எதிரே யார் நிற்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. 'வேலை செய்கிறதே' என்பது இந்தச் சாமான்களைப் பொறுத்தவரை ஒரு சான்றே அல்ல. பின்களுக்கும் இதே கதைதான். கடை ஆணி மென்மையான இரும்பு. ஹேமர் அடிக்க அடிக்க அது வளையும், ஓட்டைக்குள் கிடந்தபடியே பிதுங்கும், பிறகு தட்டி எடுக்கவும் வராது. டிரில் பிட்டின் தண்டோ கடினம், ஆனால் உடையும்.

கைப்பிடித் திருகும் இப்படித்தான். வெறும் பலகையைப் பிடிக்கிற ஸ்க்ரூதானே, ஹார்டுவேர் கடையில் கிடைக்காதா என்று தோன்றும். கிடைக்காது. 1911-இன் கைப்பிடி ஸ்க்ரூ 0.150 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 50 புரி; அது ஏறும் புஷ்ஷிங் ஃபிரேமுக்குள் 60 புரியில் இறங்குகிறது. கடையில் பொதுவாக விற்கும் எந்த ஸ்க்ரூவின் புரியும் இதுவல்ல. ஏறக்குறைய பொருந்துகிற ஒன்றை அழுத்தி முறுக்கினால் புஷ்ஷிங் போகும், கூடவே ஃபிரேமின் புரியும் போகலாம். ஐந்து டாலர் சாமானுக்காகத் துப்பாக்கியின் உடம்பையே கெடுத்துக்கொண்ட கதையாகிவிடும்.

இப்போது அதிகம் தொலைகிற ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். ஃபிரேமின் இடப்பக்கம், கைப்பிடிப் பலகைக்கு மேலே, ஒரு மெல்லிய குழாய் ஒட்டியிருக்கும். அதற்குள் ஒரே ஸ்பிரிங். அதன் இரு முனைகளிலும் ஒவ்வொரு பிளஞ்சர். முன்னால் இருப்பதன் முனை உருண்டை, அது ஸ்லைடு ஸ்டாப்பை அழுத்தும். பின்னால் இருப்பதன் முனை கூர்மை, அது கட்டைவிரல் பாதுகாப்பு நெம்புகோலை மேலேயும் கீழேயும் 'டக்' என்று நிறுத்தும். பாதுகாப்பு நெம்புகோலைப் பக்கவாட்டில் இழுத்து எடுக்கும்போது பின்பக்கப் பிளஞ்சருக்குத் தடை போய்விடுகிறது. அப்படியே உங்கள் தோளைத் தாண்டிப் பின்னால் பறக்கும்.

புதிய ஸ்பிரிங்கைக் கையில் எடுத்து உருட்டிப் பாருங்கள். நடுவில் லேசாக ஒடித்தாற்போல ஒரு கோணல் இருக்கும். பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டாம், வேண்டுமென்றே வைத்த கோணல் அது. குழாயின் உள்சுவரில் அந்த வளைவு உரசிக்கொண்டிருப்பதால்தான், ஸ்லைடு ஸ்டாப்பை எடுக்கும்போதெல்லாம் முழுச் சாமானும் வெளியே சரியாமல் நிற்கிறது. பிளஞ்சர்கள் இரண்டையும் ஸ்பிரிங்கின் முனைகளில் இறுக்கமாகத் திருகி ஏற்றுங்கள். உருண்டை முனை முன்னால் போகும்படி, குழாயின் பின்வாயிலிருந்து உள்ளே தள்ளுங்கள். கோணல் நுழையும் இடத்தில் ஒரு எதிர்ப்புத் தெரியும். சற்றுத் திருகிக்கொண்டே தள்ளினால் போய்விடும். போட்டபின் ஃபிரேமை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். தானாக வழுக்கி வந்தால் அது தவறான ஸ்பிரிங். எண்ணெய் ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம், குழாய்க்குள் தூசி கட்டியாகிவிடும்.

அடுத்து நெம்புகோலைத் திரும்ப ஏற்ற வேண்டும். ஹேமர் பின்னால் இழுத்து நின்றால்தான் அது உள்ளே போகும். ஸ்லைடு கழன்றிருக்கும் நிலையில் டிரிகரைத் தொட்டு ஹேமரை விட்டுவிடாதீர்கள், ஃபிரேமில் போய் அடிக்கும். நெம்புகோல் முக்கால்வாசி உள்ளே போனதும் அதன் விளிம்பு பிளஞ்சரின் முனையில் முட்டி நிற்கும். இங்கே சுத்தியலைத் தேடுகிறவர்கள்தான் ஃபிரேமில் கோடு கிழிப்பவர்கள். பழைய கிரெடிட் கார்டு ஒன்றை மெல்லிய கீற்றாக வெட்டி, பிளஞ்சரின் முனையைக் குழாய்க்குள் அழுத்திப் பிடியுங்கள்; மறுகையால் நெம்புகோலைத் தள்ளினால் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் வழுக்கி, பளபளப்பான ஃபிரேமில் வாழ்நாளுக்கும் ஒரு கீறல் விழும்.

இதே வேலையின்போது குழாயை விரலால் ஆட்டிப் பாருங்கள். அது ஃபிரேமில் இரண்டு சிறு தண்டுகளால் அறைந்து பொருத்தப்பட்டது. தளர்ந்திருந்தால் கட்டைவிரல் பாதுகாப்பு நடுவழியில் சிக்கிக்கொள்ளும், விடுவிக்கவும் முடியாது. அதை மறுபடி அறைய தனிக் கருவி வேண்டும். அது துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்தின் வேலை.

வேறு எவையெல்லாம் அவருடைய வேலை? சியர் (ஹேமரைப் பிடித்து வைப்பது), டிஸ்கனெக்டர், ஹேமர், எக்ஸ்டிராக்டர், கட்டைவிரல் பாதுகாப்பு. இவற்றைப் 'போட்டால் பொருந்தும்' என்று எழுதித்தான் விற்கிறார்கள். ஆனால் கட்டைவிரல் பாதுகாப்பின் உட்பக்க நாக்கு, ஒவ்வொரு துப்பாக்கியின் சியருக்கும் ஏற்றபடி மயிரிழை அளவில் அரத்தால் தீட்டிப் பொருத்த வேண்டியது. ஒரு தீட்டு அதிகமானால், பாதுகாப்பு பூட்டியிருப்பதுபோல் தெரியும், பூட்டியிருக்காது. இந்தப் பாகங்கள் தொலைந்தாலோ உடைந்தாலோ துப்பாக்கியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு கன்ஸ்மித்திடம் போங்கள். சீரீஸ் 80-இன் இரண்டு நெம்புகோல்களில் ஒன்று தொலைந்தால், அவற்றை எடுத்துவிட்டு இடைவெளிக்கு ஒரு தகட்டை வைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். டிரிகர் கொஞ்சம் மிருதுவாகும் என்று காரணமும் சொல்வார்கள். கேட்காதீர்கள். துப்பாக்கி கீழே விழுந்தாலும் வெடிக்காமல் காப்பதற்கென்று வைத்த ஒரு பூட்டைப் பிடுங்கி எறிவதற்கு அது காரணமாகாது.

மூன்று கிளைகள் கொண்ட சியர் ஸ்பிரிங் வீட்டு வேலைக்கும் கன்ஸ்மித் வேலைக்கும் நடுவே நிற்கிறது. தயாரிப்பாளர் அனுப்பிய புதியதை வளைக்காமல் அப்படியே போடலாம். கிளைகளை வளைத்து டிரிகரின் எடையைச் சரிக்கட்டும் வேலைக்குப் போக வேண்டாம்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் சோதனை. சேம்பரும் மேகசினும் காலி என்று மறுபடி பாருங்கள். ஹேமரை இழுத்து, கட்டைவிரல் பாதுகாப்பைப் பூட்டி, டிரிகரை நன்றாக அழுத்துங்கள். ஹேமர் விழக் கூடாது. டிரிகரை விட்டுவிட்டுப் பாதுகாப்பை இறக்குங்கள். அப்போதும் விழக் கூடாது. இப்போது ஹேமரைக் காதருகே கொண்டுபோய், கட்டைவிரலால் மிக லேசாகப் பின்னால் இழுங்கள். மெல்லிய 'டிக்' கேட்டால், பாதுகாப்பு பூட்டியிருந்தபோதே சியர் சற்று நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் துப்பாக்கியில் தோட்டா போடக் கூடாது. அடுத்து, கைப்பிடியின் பின்புறப் பாதுகாப்பு அமுங்காதபடி பிடித்து டிரிகரை இழுங்கள்; ஹேமர் அசையக் கூடாது. பிறகு ஸ்லைடைக் கால் அங்குலம் பின்னால் பிடித்துக்கொண்டு டிரிகரை இழுங்கள், விழக் கூடாது. டிரிகரை விடாமலே ஸ்லைடை முன்னால் போகவிடுங்கள், அப்போதும் விழக் கூடாது. டிரிகரை விட்டு மறுபடி இழுத்தால் மட்டும் விழ வேண்டும். இந்தச் சோதனைகளில் ஒன்று தவறினாலும் வீட்டு வேலை அங்கேயே முடிந்தது.

கடைசியாக, சுடுதளத்தில். பழுதுபார்த்த துப்பாக்கியின் மேகசினை முதல் தடவையே நிரப்பாதீர்கள். ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள். அது சரியாக இருந்தால் இரண்டு போடுங்கள். இரண்டு தோட்டாவோடு சில முறை சுட்டுப் பார்த்து, ஒரு தடவை அழுத்தினால் ஒன்றுதான் வெடிக்கிறது, காலியானதும் ஸ்லைடு பின்னால் நிற்கிறது என்று தெரிந்த பிறகே மேகசினை நிரப்பலாம். ஒரே அழுத்தில் இரண்டும் வெடித்தால் காரணத்தைத் தேடி வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். காலி செய்து, பெட்டியில் பூட்டி, நேராகக் கன்ஸ்மித்திடம் கொடுத்துவிடுங்கள்.